கடிகாரம் இல்லாத ஐந்து ராத்திரிகள்

1

நம் ஊர்த் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கமிட்டித் தம்பிகள் மூன்று கடிதம் போட்டுவிட்டார்கள். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு எழுத என்ன இருக்கிறது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி விஷயம் தானாகக் கதவைத் தட்டியது.

பதினோரு மணி இருக்கும். திறந்தால் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் நிற்கிறார். மதுரைப் பக்கம். ஆபீஸ் கிளார்க்காக அந்தமானில் எங்கள் மாயாபந்தருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. தோளில் இரண்டு வயதுப் பிள்ளை. அது கண்ணை அகலத் திறந்துகொண்டு வீறிட்டுக் கத்துகிறது, பெற்ற தகப்பனையே காலால் உதைக்கிறது. பின்னால் அதன் தாய் தலைமுடியைக்கூட முடியாமல் அழுதுகொண்டு வந்தாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு கிடைக்குமாண்ணே? திடீர்னு எந்திரிச்சுக் கத்துறான். எங்களை அடையாளமே தெரியல."

என் மனைவி ரெஜினா அவரை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். "உலுக்காதிய தம்பி. பேரு சொல்லிக் கூப்பிடாதிய. சும்மா மடியில வச்சிருங்க" என்றாள். "விளக்கைத் தணிங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பத்து நிமிடத்தில் பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டு, வாயை இரண்டு தடவை சப்பி, தூங்கிப் போயிற்று. தாய் தகப்பன் இரண்டு பேரும் நம்ப முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளையை எத்தனை மணிக்குப் படுக்கப் போடுதிய?" என்று கேட்டேன்.

"ஒம்பதரை, பத்து ஆயிரும்ணே. ஊர்லயும் அப்படித்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெஜினா முறைத்தாள்.

"மனுசன் பயந்து போய் நிக்காரு. என்ன சிரிப்பு? நீங்க அன்னைக்குப் பயந்ததுல கால்வாசி கூட அவரு பயப்படல."

உண்மைதான். அந்தப் பயத்தின் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

2

நான் இங்கே ஜெட்டியில், அதாவது போட் வந்து நிற்கிற துறையில், லஸ்கர். வருகிற போட்டின் கயிற்றை வாங்கி இரும்புக் குத்தியில் கட்டுவது, போகிற போட்டின் கயிற்றை அவிழ்த்து விடுவது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரே வரிசையில் ஆறு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் ஆறாவது வீட்டில் கேட்கும். அந்த வரிசையில் பெங்காலி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர் எல்லாரும் உண்டு. எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி. அதில் ஆண்பால் பெண்பால் கிடையாது, வேலை நடந்தால் சரி.

எங்கள் மகள் ஜெசிந்தா இங்கேதான் பிறந்தாள். அவளுக்கு இரண்டரை வயது ஆன மே மாதத்தில் ஒரு நாள், தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து ஒரு கத்துக் கத்தினாள். அந்த மாதிரிச் சத்தம் ஒரு சிறு பிள்ளையின் நெஞ்சிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. பூரானோ தேளோ கடித்துவிட்டது என்று பாயை உதறினேன். ஒன்றுமில்லை. தூக்கினேன். "நஹீ, நஹீ" என்று என் முகத்தைப் பிறாண்டினாள். கண் திறந்திருக்கிறது, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சு படபடக்கிறது. நான் அப்பா அப்பா என்கிறேன், என்னைத் தாண்டி எதையோ பார்க்கிறாள். பெற்ற பிள்ளை நம்மை அந்நியனாகப் பார்க்கிற பார்வையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல், "அப்பா, ரஸ்க்" என்று கை நீட்டினாள்.

அன்று ராத்திரியும் அதே கத்தல் வந்தது. அதற்கடுத்த ராத்திரியும் வந்தது. பிறகு தினமும்.

நான் கட்டின முடிச்சை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற ஆள். ஜெட்டியில் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். ஜெட்டியில் கடல் ஏற்ற இறக்கம் குறிக்கிற நோட்டு ஒன்று என் கையில் உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் பிள்ளை அழுகிற நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். கடல் ஏறும்போது அழுகிறாளோ என்று ஒரு சந்தேகம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி போல் தள்ளிப் போகும். அழுகை தள்ளிப் போகவில்லை. பதினோரு மணி, பத்து ஐம்பத்தைந்து, பதினொன்று ஐந்து. அப்படியே நின்றது. இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம் அழுவாள். நேரம் தவறாமல் வருகிறது என்றால் அது மனிதக் காரியம் இல்லை என்று முடிவு கட்டினேன்.

3

வரிசையில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. இதை ஊருக்கு எழுதியே ஆக வேண்டும். விடிந்தால் ஆரா மில்லில் மரம் அறுக்கிறவர்கள், காட்டில் மரம் இழுக்கிறவர்கள். அவர்கள் தூக்கம் நாற்பது நாளாக நடுவில் அறுந்தது. காலையில் குழாயடியில் என்னைக் கண்டால் கேட்பது ஒரே கேள்வி: "பச்சி டீக் ஹை?" பிள்ளை நன்றாக இருக்கிறதா.

கேட்டதோடு நிற்கவும் இல்லை. தெலுங்கு வீட்டம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். ராஞ்சிக்காரர் ஒரு வேரை நூலில் கட்டிக் கொடுத்தார். அடுத்த வீட்டுப் பெங்காலி அக்கா மீரா தீதி தலைமாட்டில் இரும்பு வைக்க வேண்டும் என்று பாக்குவெட்டியைக் கொண்டுவந்தாள். நான் என் பங்குக்குத் தீர்த்தமும் ஜெபமாலையும் வைத்தேன். ரெஜினா எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்தாள், பாக்குவெட்டியை மட்டும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்தாள்.

நான் ஊருக்கு அண்ணனுக்கு எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. இங்கிருந்து கடிதம் போய், அங்கிருந்து பதில் கப்பலேறி வர ஒரு மாதம். வந்த பதிலில் நான்கே வரி. "தீவுக் காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரெஜினாவையும் பிள்ளையையும் அடுத்த கப்பலில் அனுப்பி வை. நீ தனியாக இருந்து வேலையைப் பார். தகப்பன் ஸ்தானத்தில் சொல்கிறேன்."

ரெஜினா கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள்.

"நான் போனா திரும்பி வர முடியாது, தெரியுமா உங்களுக்கு? காத்து ஒத்துக்கலன்னு ஒரு தடவை பேராயிட்டா, அப்புறம் பிள்ளையை யாரு இங்க விடுவா? நீங்க மூணு வருசத்துக்கு ஒருக்க லீவுல வந்து பாத்துட்டுப் போவிய. அவ உங்களை மாமாம்பா."

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?"

அவள் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். நான் கப்பல் டிக்கட் தருகிற பாஸேஜ் ஆபீசுக்குப் போனேன்.

அந்தக் காலத்தில் மெயின்லாண்டுக்குக் கப்பல் இடம் கிடைப்பது பெரிய காரியம். விண்ணப்பப் பாரம் ஆங்கிலத்தில் இருக்கும். அதை நிரப்பித் தர ஒரு ஆளைப் பிடிக்க வேண்டும். சீக்கிரம் இடம் வேண்டுமென்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மலையாளி, தமிழ் பேசுவார். ஜெசிந்தா அவர் மேஜை மேல் ஏறி, அவர் பேனாவை எடுத்து, அவர் கையிலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் உண்டோ?"

"இல்லை சார்."

"ஆகாரம்?"

"நல்லா சாப்பிடுதா சார்."

"பகல்ல விளையாட்டு?"

"சொன்ன பேச்சு கேக்க மாட்டா சார்."

"பின்னே நான் எந்த வியாதின்னு எழுதட்டும்?" பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இந்த வயசுல சில பிள்ளைகளுக்கு வரும். முழிச்சிருக்கிற மாதிரி இருக்கும், ஆனா பிள்ளை தூக்கத்துலதான் இருக்கு. நீங்க என்ன செய்றீங்க?"

"முகத்துல தண்ணி தெளிச்சு, உலுக்கி, சத்தமா பேரு சொல்லி..."

"உங்களைத் தூக்கத்துல அப்படிச் செஞ்சா நீங்க கத்த மாட்டீங்களா?"

எழுப்பக் கூடாது, பக்கத்தில் இருந்து விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், தானாக அடங்கும், பிள்ளை களைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சர்டிபிகேட் தரவில்லை. அப்போது எனக்கு அவர் மேல் கோபம். ஒரு ஏழையின் பிள்ளைக்கு ஒரு வரி எழுதித் தர மனம் வராத மனிதர் என்று வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று நினைத்தால் அந்த மனிதர் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

சர்டிபிகேட் இல்லாமலே, யாரோ பயணத்தை ரத்து செய்ததால், கீழ்த்தளத்தில் இரண்டு இடம் கிடைத்தது. அந்தக் கப்பலைப் பிடிக்கப் போர்ட் பிளேருக்குப் போகிற போட் மாயாபந்தரை விட்டுக் கிளம்ப இன்னும் பதினாறு நாள்.

4

அந்தப் பதினாறு நாளில் ஐந்து நாளை ஆபீஸ் எடுத்துக்கொண்டது. பாராடாங் ஜெட்டியில் லஸ்கருக்குக் காய்ச்சல் என்று என்னை அங்கே அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு டைம்பீஸ். கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. புது இடத்தில் எழும்பத் தவறிவிடுவேனோ என்று அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

ஐந்து ராத்திரியும் பாராடாங்கில் நான் பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். இங்கே சத்தமில்லை, அங்கே என்ன பாடோ என்று கொசுவலைக்குள் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தால் ரெஜினா முகம் தெளிந்திருக்கிறது.

"அஞ்சு நாளும் அழவே இல்ல."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நான் வந்த அன்று ராத்திரி சரியாகப் பதினோரு மணிக்குப் பிள்ளை வீறிட்டாள். மறுநாளும். எனக்குப் புரிந்துவிட்டது. பீடை என்னோடுதான் வருகிறது. நான் ஜெட்டியில் பார்த்த ஏதோ ஒன்று, கடலிலிருந்து ஏறின ஏதோ ஒன்று, என் தோளில் உட்கார்ந்து வீட்டுக்கு வருகிறது. பாயைச் சுருட்டினேன்.

"எங்க போறிய?"

"ஜெட்டி ஷெட்டுல படுத்துக்கிடுதேன். எம்மேலதான் ஏதோ இருக்கு."

ரெஜினா இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மீரா தீதி "க்யா ஹுவா?", என்ன ஆச்சு, என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"உங்க மேல எந்தப் பேயும் இருக்காது. உங்க முன்னெச்சரிக்கைக்குப் பயந்தே அது ஓடிரும். உக்காருங்க. நீங்க பாராடாங்குக்கு என்னத்த எடுத்துட்டுப் போனிய?"

"வேட்டி, துண்டு, டைம்பீஸ்..."

"ஆங். கடிகாரம் இல்லாம நான் என்ன செஞ்சேன், கேளுங்க. இருட்டுனதும் விளக்கேத்தினேன். மீரா தீதி வீட்டுல பிள்ளைகளுக்குச் சோறு போட்டா, இவளும் அதுக கூட உக்காந்து தின்னா. அதுக படுத்துச்சு, இவளும் படுத்தா. மணி ஆறரை இருக்குமோ ஏழு இருக்குமோ, யாருக்குத் தெரியும்? விடியக் கோழி கூவினதும் அதுக கூட எந்திரிச்சா. அஞ்சு நாளும் அப்படித்தான். நீங்க வந்திய, கடிகாரம் வந்துச்சு, எட்டரை மணி ஜெபமாலையும் வந்துச்சு."

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் அண்ணன் வீட்டில் எட்டு மணிக்குக் கடை சாத்தி, எட்டரைக்குக் குடும்பத்தோடு முட்டுப்போட்டு ஜெபமாலை சொல்வார்கள். நான் கப்பலேறுகிற அன்று அண்ணன் சொன்னது: "எங்க இருந்தாலும் எட்டரைக்கு முட்டுப்போடு. அந்த நேரம் நாமெல்லாம் ஒண்ணா இருக்கோம்." நான் ஒரு நாள் தவறவில்லை. அரசாங்கம் இங்கேயும் அங்கேயும் ஒரே மணிதான் வைத்திருக்கிறது. டைம்பீஸ் எட்டரை காட்டும்போது ஊரிலும் எட்டரை. அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. பிள்ளையும் முட்டுப்போட வேண்டும் என்று அவளைத் தூங்கவிடாமல் வைத்திருப்பேன். தலை தொங்கினால் முகத்தைத் துடைப்பேன். ஜெபம் முடிந்து சாப்பிட்டுப் படுக்க ஒன்பதரை.

மணி ஒன்றுதான், சூரியன் ஒன்றில்லையே. நம் ஊரைவிட இங்கே சூரியன் ஒரு மணி நேரம் முந்தி வரும், ஒரு மணி நேரம் முந்திப் போகும். மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே வெளிச்சம் பலகை இடுக்கில் குத்தும். பிள்ளை எழுந்துவிடுவாள். மீரா தீதியின் நான்கு பிள்ளைகளோடு ஆட்டம் போட ஆரம்பித்த பிறகு பகல் தூக்கத்தையும் விட்டுவிட்டாள். நான் அவளை ஊர் ராத்திரியில் தூங்க வைத்து, தீவு விடியலில் எழுப்பிக்கொண்டிருந்தேன். களைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன வார்த்தை என் காதில் நுழைந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை.

ரெஜினா நான்காவது வரை படித்தவள். கடிகாரம் இல்லாத ஐந்து ராத்திரியை வைத்து இதைக் கண்டுபிடித்தாள். நாற்பது நாள் நோட்டில் எழுதின எனக்குத் தெரியவில்லை.

5

"போட்டுக்கு ஒம்பது நாள் இருக்கு. ஒம்பது நாள் எம் பேச்சைக் கேளுங்க" என்றாள்.

"எட்டரை ஜெபம்?"

"ஆறு மணிக்குச் சொல்லுவோம். மாதா என்ன கடிகாரம் பாத்தா கேக்கா?"

மாதா பார்க்க மாட்டாள், அண்ணன் பார்ப்பார். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முதல் நாள் ஆறு மணிக்கு முட்டுப்போட்டபோது, பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன் மாதிரி இருந்தது.

ஏழு மணிக்குப் பிள்ளை தூங்கினாள். எட்டரைக்குக் கத்தினாள். நேரம்தான் முன்னால் வந்தது. "பார்த்தியா" என்றேன். "பாத்தேன். நீங்க வந்து ரெண்டு ராத்திரி கெடுத்தது உடனே சரியாயிருமா? உக்காருங்க" என்றாள். தண்ணீர் தெளிக்கவில்லை, உலுக்கவில்லை. ரெஜினா பிள்ளை பக்கத்தில் கையை ஊன்றி, தொடாமல், ஒரே சுருதியில் ம்ம் ம்ம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கை இரண்டையும் என் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் அது தானாகப் போய்ப் பிள்ளையைத் தூக்கிவிடும். பதினெட்டு நிமிடம். நோட்டில் எழுதினேன்.

இரண்டாம் நாள் பதினைந்து. மூன்றாம் நாள் ஒன்பது. நான்காம் நாள் முனகல். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்றுமில்லை. வரிசையில் எல்லாரும் தூங்கினார்கள், நான் மட்டும் சத்தம் வரவில்லையே என்று முழித்திருந்தேன். எட்டாம் நாளும் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள், போட் கிளம்புகிற நாளுக்கு முந்தின ராத்திரி, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கத்தினாள்.

என் உறுதி எல்லாம் அந்த ஒரு கத்தில் கரைந்தது. "நாளைக்கு ரெண்டு பேரும் போங்க. டிரங்குப் பெட்டியைக் கட்டு" என்றேன். ரெஜினா என்னைப் பார்த்தாள். சண்டை போடவில்லை. விளக்கைத் தணித்தாள்.

விடியுமுன் நான் ஜெட்டிக்குப் போய்விட்டேன், அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல். டிக்கட் என் சட்டைப்பையில். போட் நிற்கிறது, ஆட்கள் ஏறுகிறார்கள். ஏழு மணிக்கு ரெஜினா வந்தாள். இடுப்பில் பிள்ளை. கையில் பெட்டி இல்லை, என் தூக்குச்சட்டி.

"சாப்பிடாம வந்துட்டிய."

"பெட்டி எங்க?"

"அந்த நோட்டை எடுங்க."

எடுத்தேன். போட்டை ஓட்டுகிற சாரங் மேலிருந்து, "அரே லஸ்கர், கயிறு!" என்று கத்துகிறார்.

"நேத்து எத்தனை நிமிசம் அழுதா? வாசிங்க."

"நாலு."

"மே மாசம்?"

"இருபத்தஞ்சு. இருபத்திரண்டு. இருபத்தஞ்சு."

"யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நாப்பது நாளு உக்காந்து கண்ணு முழிச்சு எழுதியிருக்கிய. உங்க எழுத்தை நீங்களே நம்பலன்னா வேற யாரு நம்புவா?"

ஜெசிந்தா தூக்குச்சட்டி மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரங் மறுபடி கத்தினார். "தோ சவாரி பாக்கி ஹை! ரெண்டு ஆள் பாக்கி, வருதா இல்லையா?"

நான் குனிந்து குத்தியிலிருந்து கயிற்றை எடுத்து வீசினேன். கட்டின முடிச்சைத் திரும்பத் தொட்டுப் பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு, அவிழ்த்த முடிச்சை அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, மூன்று பேரும் ஜெட்டி மரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அந்த அழுகை இரண்டோ மூன்றோ தடவை வந்தது, மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டபோது. பிறகு இல்லை.

6

ஜெசிந்தா இப்போது போர்ட் பிளேரில் நர்ஸ் பயிற்சியில் இருக்கிறாள். கடிதத்தில் "அன்புள்ள அப்பா" மட்டும் தமிழில் வரும், மிச்சம் ஹிந்தியில். பக்கத்தில் யாரையாவது வைத்துத்தான் வாசித்துக்கொள்கிறேன். சொன்னால், "அப்பா, உங்க தமிழை நான் படிக்கிறேன்ல, என் ஹிந்தியை நீங்க படிங்க" என்கிறாள். அது வேறு கவலை. ராத்திரி டியூட்டி என்று எழுதினாள். எப்போது தூங்குகிறாயோ என்று எழுதினேன். அந்தக் கதையை எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு ஞாபகமே இல்லை. அழுதவளுக்கு மறந்துபோயிற்று, உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் மறக்கவில்லை.

அன்று கயிற்றை வீசின கையோடு அண்ணனுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவர் சொன்னபடி அனுப்பவில்லை, அதோடு எட்டரை மணி ஜெபத்தையும் ஆறு மணிக்கு மாற்றிவிட்டோம் என்று. ஆறு வாரம் பதில் இல்லை. இனி பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆறு வாரமும் எட்டரை மணி ஆனால் எனக்குக் கை கால் எங்கே வைப்பது என்று தெரியாது. பிள்ளை தூங்கும், ரெஜினா தைத்துக்கொண்டிருப்பாள், நான் டைம்பீஸைப் பார்ப்பேன்.

பிறகு ஒரு இன்லண்ட் வந்தது. அண்ணன் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், அதனால் விஷயம் கொஞ்சம்தான் இருக்கும்.

"கடையை ஆறு மணிக்குச் சாத்துகிறேன். வெயில் அடிக்கிறது, ஆட்கள் சாமான் வாங்க நிற்கிறார்கள், நிற்கட்டும். ஆறரைக்குத் திரும்பத் திறக்கிறேன். உன் அண்ணியும் பிள்ளைகளும் வெளிச்சத்தில் முட்டுப்போடுவதற்குக் கூச்சப்படுகிறார்கள். பழகிவிடும். பிள்ளை தூங்குகிறதா, அதை எழுது."

நம் ஊர்க் கடைத்தெருவில் இத்தனை வருடமாகச் சாயங்காலம், வியாபாரம் நடக்கிற நேரத்தில், அரை மணி நேரம் சாத்திக் கிடக்கிற பலசரக்குக் கடை ஒன்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். கிறுக்கு வியாபாரி என்று சிரித்திருப்பீர்கள், காரணம் கேட்டால் அவர் சொல்லியிருக்க மாட்டார். இனிமேல் அந்த வழியாகப் போகும்போது கதவைத் தட்டாமல் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே என் மகள் தூங்குவதற்காக முட்டுப்போட்டிருக்கிறார்கள்.